புகழின் இன்பம் யாருக்குச் சேர்கிறது?

பினாங்கின் பெருநிலப் பகுதியில், தீவிலிருந்து வரும் இரண்டாவது பாலம் கரையேறும் ஊர் பத்து காவான். 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம் 2014 மார்ச்சில் திறக்கப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே, 2000ஆம் ஆண்டு மலேசியாவின் சுக்மா தேசிய விளையாட்டுகளுக்காக, ஏறத்தாழ 40,000 பேர் உட்காரக்கூடிய மாநில விளையாட்டரங்கம் இங்கே எழுந்துவிட்டது. கரும்புக் காலம் தொட்டுத் தமிழர் உழைத்த தோட்டப் பகுதி இது. இங்கே அவ்வளவு பெரிய அரங்கம் எழுப்பியவர்கள் என்ன நினைத்தார்களோ, கட்டடமே ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறது: நடுவில் 22 பேர், சுற்றிலும் 40,000 பேர். புகழ் நடுவில் இருப்பவர்களுக்கு. பொழுதுபோக்கு சுற்றி இருப்பவர்களுக்கு. இவற்றில் எது பெரிய இன்பம் என்று கேட்டால் பெரும்பாலோர் யோசிக்காமல் நடுவைக் கைகாட்டுவார்கள். கடந்த ஐம்பது ஆண்டுகளில் உளவியலும் நரம்பியலும் சேர்த்திருக்கும் சான்றுகளோ வேறு பக்கம் இழுக்கின்றன. புகழ் உண்டாக்கும் இன்பத்தில் பெரும்பங்கு, கூடிப் பார்க்கிறவர்களிடம்தான் போய்ச் சேர்கிறது. புகழ் பெற்றவர் கைக்கு வருவது கொஞ்சமே. நான் சொல்ல வருவது இதைத்தான்.

புகழ் எப்படி வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 2016 பிப்ரவரி 16 அன்று நடந்த மலேசிய சூப்பர் லீக் ஆட்டத்தில், பகாங்கிற்கு எதிராகப் பினாங்கு அணியின் ஃபாயிஸ் சுப்ரி ஒரு பிரீ கிக் அடித்தார். ஒரு பக்கமாகக் கிளம்பிய பந்து நடுவானில் மனம் மாறியதுபோல் மறுபக்கம் வளைந்து வலைக்குள் விழுந்தது. அதிகம் சுழலாமல் வேகமாகப் பறக்கும் பந்தின் பின்புறத்தில் காற்றோட்டம் பிரியும் இடம் நிலையாக இருப்பதில்லை. பந்தின் தையல் சற்றே திரும்பினாலும் பக்கவாட்டு விசையின் திசை மாறிவிடும். அதனால் இப்படிப்பட்ட பந்து எங்கே வளையும் என்று உதைத்தவராலேயே திட்டமாகச் சொல்ல முடியாது. உதைக்கும் திறன் பல ஆண்டுப் பயிற்சியில் வந்தது. அந்த மாலையில் அந்தப் பந்து வளைந்த வளைவில் காற்றுக்கும் பங்கு உண்டு. அந்தக் காட்சி இணையத்தில் நாடு நாடாகப் பரவி, 2017 ஜனவரியில் சூரிக் நகரில் ஆண்டின் சிறந்த கோலுக்கான புஸ்காஸ் விருதை அவருக்கு வாங்கித் தந்தது. இறுதிச் சுற்று வாக்குகளில் 59 விழுக்காட்டுக்கு மேல் அவருக்குத்தான். ஆசிய வீரர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதல் முறை. திறமை, தற்செயல், பிறர் போடும் வாக்கு: புகழின் மூன்று கூறுகளும் இந்த ஒரே உதையில் அடங்கிவிடுகின்றன.

மூன்றில் கடைசி இரண்டுக்கும் நாம் ஒப்புக்கொள்வதைவிட அதிகப் பங்கு உண்டு என்று காட்டியது, 2006இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஒரு சோதனை. மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவரும், பெயர் தெரியாத குழுக்கள் பாடிய 48 பாடல்களை ஓர் இணையதளத்தில் வைத்தார்கள். 14,341 பேர் வந்து கேட்டார்கள், பிடித்ததைப் பதிவிறக்கிக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்குப் பாடல்களின் பெயர் மட்டுமே தெரிந்தது. மற்றவர்களை ஒன்றோடொன்று தொடர்பில்லாத எட்டு 'உலகங்களாக'ப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் எடுத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். எட்டு உலகங்களிலும் ஒரே 48 பாடல்கள்தாம். வெற்றிப் பட்டியல்களோ ஒன்றைப்போல் ஒன்று இல்லை. எண்ணிக்கை தெரியாதவர்களின் பட்டியலில் 26ஆம் இடத்தில் இருந்த ஒரு பாட்டு, ஓர் உலகத்தில் முதலிடத்துக்கு ஏறியது, இன்னொன்றில் 40ஆம் இடத்துக்குச் சரிந்தது. மிக நல்ல பாட்டு அடியோடு தோற்பதும், மிக மோசமான பாட்டு முன்னுக்கு வருவதும் அரிதாகவே நடந்தன. இடைப்பட்ட பாடல்களுக்கு எதுவும் நடக்கலாம் என்ற நிலை. ஆரம்பத்தில் கேட்ட சிலரின் ரசனை எண்ணாக மாறியது, அந்த எண் அடுத்து வந்தவர்களை இழுத்தது, இழுபட்டவர்கள் எண்ணை இன்னும் பெருக்கினார்கள்.

புகழ் எவ்வளவு பெருகும் என்பது மேடையைப் பொறுத்தது. பொருளியலாளர் ஷெர்வின் ரோசன் 1981இலேயே இதன் கணக்கைப் போட்டுவிட்டார்: ஒரு பாட்டை ஆயிரம் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் பாடகரின் உழைப்பு ஒன்றுதான், ஆகவே தொழில்நுட்பம் மேடையை அகலமாக்க ஆக்க, திறமையில் உள்ள சிறு வேறுபாடு வருமானத்திலும் பெயரிலும் மலையளவு வேறுபாடாகிவிடும். மறுபுறம், மேடை சிறியதானால் எவ்வளவு பெரிய திறமையும் அந்த அளவோடு நின்றுவிடும். பினாங்கில் இந்திய வம்சாவளித் தந்தைக்கும் சீன வம்சாவளித் தாய்க்கும் பிறந்த நிக்கோல் டேவிட், சுவர்ப்பந்தில் எட்டு முறை உலக வெற்றியாளர். 2006 முதல் 2015 வரை தொடர்ந்து 108 மாதங்கள் உலகத் தரவரிசையில் முதலிடம். காற்பந்திலோ டென்னிஸிலோ ஒருவர் இதைச் செய்திருந்தால் அவர் முகம் தெரியாத ஊரே உலகில் இருந்திருக்காது. அவர் ஆடிய காலம் முழுவதும் சுவர்ப்பந்து ஒலிம்பிக்கில் இல்லை. 2028இல் லாஸ் ஏஞ்சல்ஸில்தான் முதல் முறையாக இடம்பெறப் போகிறது. ஒரே ஒரு பந்து ஒருவரை உலகம் அறியச் செய்கிறது, பத்தாண்டு ஆதிக்கம் இன்னொருவரை ஒரு நாட்டின் வீராங்கனையாக நிறுத்துகிறது. இதில் நியாயம் தேடுவது வீண். எத்தனை கண்கள் எந்தப் பக்கம் திரும்பியிருந்தன என்பதுதான் புகழின் அளவுகோல்.

இப்படிச் சீட்டுக் குலுக்கல்போல் கிடைப்பதற்கு மனம் ஏன் இவ்வளவு ஏங்குகிறது? கரும்பு விளைந்த மண்ணில் சொல்லப் பொருத்தமான ஒரு சோதனையில் இதற்கு விடை இருக்கிறது. 1980களின் இறுதியில் கென்ட் பெரிட்ஜும் உடன் ஆய்ந்தவர்களும் எலிகளின் மூளையில் டோபமீன் என்னும் வேதிப்பொருளை ஏறக்குறைய முழுவதும் அழித்துப் பார்த்தார்கள். அந்த எலிகள் உணவைத் தேடிப் போகவே இல்லை. பக்கத்தில் இரை இருந்தும் பட்டினி கிடந்தன. டோபமீன்தான் இன்பத்தின் ஊற்று என்று அதுவரை நம்பியவர்கள், எலிகளுக்கு இனிப்பே இனிக்காமல் போயிருக்கும் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். சர்க்கரைக் கரைசலை நேராக வாயில் விட்டபோது அவை முன்போலவே நாக்கைச் சுழற்றிச் சப்புக்கொட்டின. சுவைக்கும் இன்பம் அப்படியே இருந்தது, தேடும் வேட்கை மட்டும் போயிருந்தது. வேட்கையும் சுவைப்பும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள் என்ற கருத்து இதிலிருந்து வளர்ந்தது. வேட்கையின் இயல்பு என்ன என்பதை வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் கண்டார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தால் டோபமீன் நரம்பணுக்கள் துள்ளும். கிடைக்கும் என்று தெரிந்த பிறகு கிடைத்தால் சும்மா இருக்கும். எதிர்பார்த்தது வராவிட்டால் வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கும். 1997இல் சுருக்கமாக வெளியிடப்பட்ட இந்த முடிவைப் புகழுக்குப் பொருத்திப் பார்த்தால் அதன் தந்திரம் புரிந்துவிடும். முதல் கைதட்டல் துள்ளவைக்கும். அதே கைதட்டல் நூறாம் முறை வரும்போது அது வெறும் எதிர்பார்ப்பு, குறைந்தால் அடி. ஆகவே மேலும் மேலும் வேண்டும் என்ற ஏக்கம் வளரும், கிடைப்பதன் சுவை அதே விகிதத்தில் வளராது.

உச்சியை அடைந்தவர்களின் வாழ்வை அளந்த ஆய்வுகளும் இதற்கு ஒத்துப்போகின்றன. பிலிப் பிரிக்மனும் சக ஆய்வாளர்களும் 1978இல் இல்லினாய் லாட்டரியில் பெரும்பரிசு வென்ற 22 பேரை, பரிசு பெறாத 22 பேரோடு ஒப்பிட்டார்கள். வென்றவர்களின் மகிழ்ச்சி குறிப்பிடும்படி கூடியிருக்கவில்லை என்ற முடிவைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது அதே கட்டுரையின் இன்னொரு முடிவு: நண்பரோடு பேசுவது, தொலைக்காட்சி பார்ப்பது, காலை உணவு, ஒரு நகைச்சுவையைக் கேட்பது, இதழ் படிப்பது போன்ற அன்றாட இன்பங்களுக்கு லாட்டரிக்காரர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த மதிப்பெண் கொடுத்தார்கள். உச்சி ஒன்றைப் பார்த்துவிட்ட கண்ணுக்கு மேடுகள் தட்டையாகிவிட்டன. பணத்தைப் பற்றிய இந்த முடிவைப் புகழின் மேல் ஏற்றலாமா என்று கேட்பது நியாயம். ரயனும் டெசியும் நீமியெக்கும் 2009இல் வெளியிட்ட ஆய்வு புகழையே நேரடியாகத் தொட்டது. கல்லூரி முடித்த 147 பேரை ஈராண்டுவரை பின்தொடர்ந்ததில், நெருக்கமான உறவு, தன் வளர்ச்சி போன்ற நோக்கங்களில் முன்னேறியவர்களின் மனநலம் கூடியது. பணம், புகழ், தோற்றம் என்று போனவர்கள் அவற்றை எட்டியபோது நலம் கூடவில்லை, பதற்றம் முதலான நலக்கேடுகள்தான் கூடின.

லாட்டரி வென்ற 22 பேரை வைத்துக்கொண்டு மனித இயல்பைப் பற்றித் தீர்ப்பளிக்க முடியாது என்பதே இதற்கு எதிரான வலுவான வாதம். அதை ஏற்கத்தான் வேண்டும். சுவீடனில் 3,000க்கும் மேற்பட்ட லாட்டரி வெற்றியாளர்களைப் பல ஆண்டுகளுக்குப் பின் தேடிப்பிடித்து ஆராய்ந்து 2020இல் வெளிவந்த பெரிய ஆய்வு, பரிசு தந்த மனநிறைவு பத்தாண்டு கடந்தும் தேயாமல் நிற்பதைக் காட்டியது. பிரிக்மன் தவறு, ஆசைப்படுவோர் சரி என்று சிலர் எழுதினார்கள். அதே ஆய்வை முழுதாகப் படித்தால் வேறொன்றும் தெரியும். 'உங்கள் வாழ்க்கை மொத்தத்தில் எப்படி?' என்ற கேள்விக்கான விடைதான் தெளிவாக உயர்ந்தது. அன்றாட மகிழ்ச்சியிலும் மனநலத்திலும் தெரிந்த விளைவு அதைவிடச் சிறியது. தன் வாழ்வைத் தானே எடைபோடும் கணத்தில் பரிசு கைகொடுக்கிறது, செவ்வாய்க்கிழமை மாலையில் அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. புகழ் ஆயுளைக்கூட நீட்டும் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். ஆஸ்கார் வென்ற நடிகர்கள் மற்றவர்களைவிட 3.9 ஆண்டுகள் கூடுதலாக வாழ்கிறார்கள் என்று 2001இல் வந்த கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. நீண்டநாள் வாழ்கிறவருக்குத்தானே விருது வாங்க அதிக வாய்ப்பு? அந்தக் கணக்குப் பிழையைத் திருத்தி 2006இல் மறுபடி பார்த்தபோது வித்தியாசம் ஓராண்டு அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதுவும் தற்செயலாக இருக்கக்கூடிய அளவுதான்.

இப்போது அரங்கத்தின் வெளிவட்டத்துக்கு வருவோம். சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் புரோவைன், மனிதர் தனியே இருப்பதைவிடக் கூட்டத்தில் ஏறத்தாழ முப்பது மடங்கு அதிகம் சிரிக்கிறார் என்று கண்டார். ராபின் டன்பாரின் குழு 2012இல், சேர்ந்து சிரித்தவர்களால் கூடுதல் வலியைத் தாங்க முடிகிறது என்று காட்டி, மூளையின் உள்ளூர் அபினாகிய எண்டார்ஃபின் சுரப்பதே காரணமாக இருக்கலாம் என்றது. பின்லாந்தின் துர்க்கு நகர ஆய்வாளர்கள் 2017இல் அதைப் படமாகவே எடுத்தார்கள். நண்பர்களோடு அரை மணி நேரம் நகைச்சுவைக் காட்சிகளைப் பார்த்துச் சிரித்த 12 ஆண்களின் மூளையில் அந்த வேதிப்பொருள்கள் வெளிப்பட்டதற்கு அடையாளம் இருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் பல திசைகளிலிருந்து வரும் சான்றுகளோடு பொருந்துகிறது. சுவைப்பு என்று மேலே சொன்னேனே, மூளையில் அதற்கான இடங்களில் பெரும்பங்கு வகிப்பவை இதே அபின் குடும்பத்து வேதிப்பொருள்கள்தாம். சேர்ந்து சிரிப்பதும் சேர்ந்து பாடுவதும் நேராகச் சுவைப்பின் கதவைத் தட்டுகின்றன. எட் டீனரின் குழு 1991இல் சொன்னதும் இங்கே சேரும்: ஒருவரின் மகிழ்ச்சியை முடிவு செய்வது இன்பங்களின் உயரத்தைவிட, அவை எத்தனை முறை வருகின்றன என்பதே.

இந்த வெளிச்சத்தில் பினாங்கின் பெரும்புகழை எடுத்துக்கொள்ளுங்கள். 1929இல் ஜார்ஜ்டவுனில் பிறந்த பி. ரம்லிக்கு முதல் கதாநாயகன் வேடத்தை 1950இல் 'பக்தி' படத்தில் தந்தவர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த இயக்குநர். நடிகர், பாடகர், இசையமைப்பாளர், இயக்குநர் என்று மலாய்த் திரையின் எல்லா மூலைகளிலும் நின்ற ரம்லியின் கடைசிப் படங்கள் எடுபடவில்லை. 1973இல், 44 வயதில், நலிந்த நிலையில் மறைந்தார். டான் ஸ்ரீ பட்டம் வந்தது 1990இல். அவர் படங்கள் இன்றும் சிரிக்க வைக்கின்றன. அந்தச் சிரிப்பில் ஒரு துளிகூட அவருக்குத் திரும்பிப் போகாது. எம்.ஜி.ஆர். காலம் முதல் தமிழ்த் திரையைச் சுற்றி வளர்ந்த ரசிகர் மன்றங்கள் சொல்வதும் இதே பாடம்தான். முதல் நாள் முதல் காட்சியில் விசிலடிக்கிற இளைஞர் நட்சத்திரத்தைப் பக்கத்தில் பார்த்ததே இல்லை. அவருக்குக் கிடைக்கிற இன்பம் பக்கத்து இருக்கைக்காரரோடு சேர்ந்து கத்துவதில் இருக்கிறது. தோட்டங்களில் திடலில் வெள்ளைத்திரை கட்டிப் படம் காட்டிய காலத்தில், லயத்து மக்கள் பாயோடு வந்து உட்கார்ந்ததும் அந்த இன்பத்துக்காகத்தான். அந்தக் காலத்தைத் தங்கமாக்கிக் காட்டும் எண்ணம் எனக்கு இல்லை. கூலி குறைவு, கள்ளுக்கடை பக்கத்தில், பிள்ளைகளுக்கு ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும் என்பதையும் சேர்த்துத்தான் அதைப் பார்க்க வேண்டும்.

அங்கேதான் கடுமையான மறுப்பு வருகிறது. இல்லாதவனைப் பார்த்து 'இருப்பதில் இன்பம் காண்' என்று சொல்வது இருப்பவர்களுக்கு வசதியான தத்துவம் அல்லவா? புகழாசை இல்லாவிட்டால் ஒரு நிக்கோல் டேவிட் உண்டா? இரண்டாவது கேள்விக்கு விடை எளிது. நாளுக்குப் பல மணி நேரம் சுவரில் பந்தடிக்கச் செய்யும் ஆர்வமும், பார்க்கப்பட வேண்டும் என்ற ஏக்கமும் ஒரே ஆளிடம் இருக்கலாம். ஆனாலும் அவை வேறு வேறு. புகழ் குறைந்த விளையாட்டில் அவர் அவ்வளவு காலம் உச்சியில் நின்றதே அதற்குச் சான்று. முதல் கேள்விதான் கனமானது. அதற்கு என் விடை: அன்றாட இன்பம் இலவசம் இல்லை. நேரம், இடம், பக்கத்தில் ஆட்கள் ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். பத்து காவான் தொழிற்பேட்டையில் லாம் ரிசர்ச், மைக்ரான் போன்ற நிறுவனங்களின் ஆலைகள் வந்திருக்கின்றன. சில்லுத் தொழிலுக்கு இரவு பகல் கிடையாது. ஷிப்ட் மாறி மாறி வேலை செய்கிற கணவனும் மனைவியும் ஒரே வேளையில் விழித்திருப்பதே பாதி நாள் கிடையாது. சேர்ந்து சிரிப்பதுதான் மருந்து என்றால், சேர்ந்திருக்கும் நேரம் கூலியோடு சேர்த்துப் பேரம் பேசவேண்டிய பொருள். பொதுப்பணம் எங்கே போகவேண்டும் என்ற கேள்வியும் இதில் அடங்கும். ஓராண்டில் சில நாள் நிரம்பும் 40,000 இருக்கைகளைவிட, குடியிருப்புக்கு ஒன்றாக விளக்கு போட்ட சிறு திடல்கள் அதிக இன்பத்தை விளைவிக்கும் என்றே மேலே சொன்ன சான்றுகளை வைத்து நான் கணிக்கிறேன். திறப்பு விழாவுக்கு அமைச்சர் வரமாட்டார். அது வேறு விஷயம்.

தனியாக உட்கார்ந்து திரை பார்ப்பதும் அன்றாடப் பொழுதுபோக்குதானே என்று ஒருவர் கேட்கலாம். ஆம், பிடித்த தொடரின் பாத்திரங்கள் தனிமையை ஓரளவு தணிக்கின்றன என்று 2009இல் வந்த ஆய்வு ஒன்றும் உண்டு. என் கவலை திரையைப் பற்றியது இல்லை, அதன் ஓரத்தில் தெரியும் எண்ணைப் பற்றியது. பிறந்தநாள் பாட்டு, சமையல், பிள்ளையின் நடனம், நண்பர்களின் கேலி ஆகிய எல்லாமே வெளிவட்டத்து இன்பங்கள். கைபேசி இவை ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு விருப்ப எண்ணிக்கையை ஒட்டிவைத்துவிட்டது. பதின்ம வயதினருக்கு அதிக விருப்பம் பெற்ற படங்களைக் காட்டியபோது, மூளையின் வெகுமதிப் பகுதி கூடுதலாகக் கிளர்ந்ததை 2016இல் கண்டார்கள். 4,000க்கும் மேற்பட்டோரின் பத்து லட்சத்துக்கும் மேலான பதிவுகளை அலசிய 2021ஆம் ஆண்டு ஆய்வு, மனிதர்கள் பதிவிடும் இடைவெளி, பொத்தானை அழுத்தி இரை தேடும் எலிகளின் கற்றல் விதியோடு ஒத்துப்போவதைக் காட்டியது. பாடல் சோதனையில் எட்டு உலகங்களைக் கலைத்துப்போட்டது எண்ணிக்கை தெரிந்தது ஒன்றுதான். அதே எண்ணிக்கை வீட்டுக் கூடத்துக்கு வந்தால், சுவைப்பாக இருந்தது வேட்கையாகத் திரியும். சுற்றியிருந்த நாற்பதாயிரம் பேரும் நடுவுக்கு வர முண்டியடித்தால் பார்ப்பதற்கு ஆளிருக்காது. இன்பம் விளையும் வெளிவட்டமே காலியாகும்.

இந்த எண்ணிக்கையின் இழுப்பைச் சமூக ஊடக நிறுவனங்கள் அறியாமல் இல்லை. இன்ஸ்டாகிராம் 2019இல் முதலில் கனடாவிலும் பிறகு வேறு சில நாடுகளிலும் விருப்ப எண்ணிக்கையை மறைத்துப் பார்த்தது. சிலருக்கு நிம்மதி, சிலருக்கு எரிச்சல் என்று முடிவு கலவையாக இருந்ததாகச் சொல்லி, 2021 மே மாதம் மறைப்பதா வேண்டாமா என்ற தேர்வைப் பயனரிடமே விட்டுவிட்டது. மறைக்க வேண்டுமானால் அமைப்புகளுக்குள் போய்த் தேட வேண்டும். தேடாதவர்களுக்கு எண் தெரிந்துகொண்டே இருக்கும்.